மணி அடித்தால் முதலிலிருந்து

என் எழுத்து மேஜையில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. அந்தக் காலத்து அதிகாரிகள் பியூனைக் கூப்பிட மேஜையில் வைத்திருப்பார்களே, உச்சியில் ஒரு குமிழ், அதைத் தட்டினால் ‘டிங்’ என்று சத்தம் வரும், அந்த வகை. இது எனக்குச் சொந்தமானதல்ல. தாம்பரத்தில் நாங்கள் போய்வந்த சபையின் ஆராதனை மேஜையிலிருந்து, பட்டப்பகலில், எல்லாரும் இருக்கும்போதே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யார் வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. போன மாதம் சபை மலர் போடுகிறவர்கள் வந்திருந்தார்கள். என் சித்தியைப் பற்றி ஒரு பக்கத்தில், சுருக்கமாக, எழுதித் தர வேண்டுமாம். சித்தியைப் பற்றிச் சுருக்கமாகவா என்று கேட்டேன். அவர்களுக்கு என் கோபம் புரியவில்லை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுக்கு எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாம்பரம் தபாலாபீசில் தந்தி கவுண்டரில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொல்லி அனுப்பிவிடுவார். அறுபதுகளின் கடைசியில் எனக்கு மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து ஊரிலிருந்து வந்தபோது, மேற்குத் தாம்பரத்தில் அவர் குடியிருந்த சிறிய போர்ஷனில்தான் தங்கினேன். காலையில் நான் மின்சார ரயிலுக்கு ஓட, அவர் நிதானமாகக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தே ஆபீசுக்குப் போவார். அங்கே அவருடைய வேலை மனிதர்களின் பேச்சைக் கத்தரிப்பது. தந்தியில் வார்த்தைக்குக் கட்டணம். கவுண்டருக்கு வருகிறவர்கள் ஒரு குடும்பக் கதையையே சொல்வார்கள். சித்தி தலையாட்டிக் கேட்டுவிட்டு, அதை நாலைந்து ஆங்கில வார்த்தைகளாக நறுக்கி எழுதி, படித்துக் காட்டி, முத்திரை குத்தி உள்ளே தள்ளுவார். அதில் அவருக்கு நல்ல பேர். தந்தி அக்காவிடம் போனால் செலவு குறையும் என்று பல்லாவரம், பம்மலிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள்.

வீட்டிலோ அவர் நேர் எதிர். சாயங்காலம் வேதத்தை எடுத்துச் சத்தமாக வாசிக்க உட்கார்ந்தால் ஒரு சொல்லைக்கூடத் தாண்ட மாட்டார். வம்சப் பட்டியலா, கூடாரத்தின் பலகைக் கணக்கா, எல்லாம் முழுசாகக் காதில் விழுந்தாக வேண்டும். டைப்பிஸ்ட்டான எனக்கு அது பொறுக்காது. ஒருவன் எதையாவது பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண்களை ஏறெடுக்க வேண்டும், அப்புறம்தான் பார்க்கலாம். பேச வேண்டுமென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். ஒரு தடவை ‘மெய்யாகவே’ என்று சொன்னால் நம்ப மாட்டார்களா, எதற்கு இரண்டு தடவை? வாயைத் திறக்காமல் எந்த மனுஷன் பேசினான் என்று நான் கிண்டல் செய்வேன். “அவர் வாயைத் திறந்தார்னு முதல்ல சொன்னாத்தான் கேக்கிறவன் வாயை மூடுவான்” என்பார் சித்தி. மோசே உங்கள் கவுண்டரில் வந்து நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பாதிக்கு மேல் அடித்துத் தள்ளியிருப்பேன், அங்கே நான் அரசாங்கத்தின் ஆள் என்றார். இருவரும் சிரித்தோம். அப்போதெல்லாம் இது எங்களுக்கு ஒரு விளையாட்டுத்தான்.

சபையில் பெண்களும் வேதபாடம் வாசிக்கலாம் என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாசித்த முதல் சிலரில் சித்தி ஒருவர். அந்த வாசிப்புக்கு எமன் சபைக் காரியதரிசி. ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி தாமதமானால் எப்படித் துடிப்பாரோ அப்படியே ஆராதனை நீண்டாலும் துடிப்பார். இந்த மணி அவர் ஆபீஸ் மேஜையில் இருந்தது. அதைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்து, தானே அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாடம் நீண்டால் டிங். ஜெபம் நீண்டால் டிங். போதகரான ஐயரின் பிரசங்கத்துக்கே ஒரு தடவை அடித்திருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐயர் சாது. மணி அடித்ததும் ‘ஆமென்’ சொல்லிவிட்டார்.

எங்கள் சபையில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் ஒரு வழக்கம் உண்டு. காரியதரிசி ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் வாசிப்பார். இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இன்ன காணிக்கை. பெயர் கேட்டதும் அந்தக் குடும்பம் எழுந்து, வாழைத்தாரோ கோழியோ தேங்காயோ, எதுவானாலும் எல்லாரும் பார்க்க நடந்து போய்ப் பீடத்தின் முன் வைக்கும். வருடம் முழுக்கப் பின் பெஞ்சில் இருப்பவருக்கும் அந்த ஒரு நடை உண்டு. நான் வந்த வருடம் கமிட்டி அதைச் சுருக்கிவிட்டது. பள்ளி ஆசிரியர்கள், கல்லூரிக்காரர்கள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் எல்லாரையும் பட்டம் பதவியோடு வாசித்த காரியதரிசி, பம்மல் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்த குடும்பங்களுக்கு வந்ததும், “பம்மல் பகுதி மக்கள் மற்றும் பலர்” என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பின் பெஞ்சுகளிலிருந்து சிலர் குழம்பி எழுந்தார்கள், சிலர் எழவில்லை, அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. நேரம் மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தந்தி கவுண்டருக்கு ரூத் வந்தாள். பம்மலில் சுண்ணாம்புக் குழியில் தோல் ஊறவைக்கும் யாக்கோபின் மனைவி. மாமியார் படுத்த படுக்கை. ஆம்பூரில் இருக்கும் மூத்த மகனுக்குச் சொல்ல வேண்டும். கிழவி சோறு வேண்டாமென்பதை, மூத்தவன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்வதை, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவன்தானா என்று கேட்பதை எல்லாம் ரூத் சொன்னாள். சித்தி வழக்கம்போல எழுதினார்: மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி. படித்து அர்த்தமும் சொன்னார். ரூத் அந்தத் தாளில் வார்த்தைகளை விரலால் எண்ணிப் பார்த்தாளாம்.

“அவ்ளோ சொன்னேனேக்கா, நாலு வார்த்தையில முடிச்சிட்டீங்களே” என்றாள். “நேத்து கோயில்லயும் அப்டித்தான் முடிச்சிட்டாங்க. பேர் சொன்னா எழுந்து போலாம்னு பூசணிக்காய மடியில வெச்சிகினு குந்திகினே இருந்தேன். மத்தும் பலர்னாங்க. பலர்னா அது யாருக்கா? அதுல நானு எங்க கீறேன்?”

அந்தப் பூசணிக்காயை அவள் மடியில் வைத்தபடியே பஸ் ஏறிப் பம்மலுக்குத் திரும்பக் கொண்டுபோயிருந்தாள்.

அன்று சாயங்காலம் சித்தி வேதத்தை எடுத்தார், வாசிக்கவில்லை. எண்ணாகமத்தில் ஒரு அதிகாரத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். எனக்குத் தெரிந்த அதிகாரம்தான். நான் அதிகம் கிண்டல் செய்ததும் அதைத்தான். பன்னிரண்டு கோத்திரத்துத் தலைவர்கள், ஆளுக்கு ஒரு நாள், காணிக்கை கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு பேரும் கொண்டுவருவது ஒன்றேதான். அதே எடையில் வெள்ளித் தட்டு, அதே வெள்ளிக் கிண்ணம், அதே மாவு, சாம்பிராணி நிறைந்த அதே பொன் கரண்டி, அதே காளை, அதே ஆட்டுக்கடா. எழுதியவர் முதல் ஆளை விவரமாக எழுதிவிட்டு, மற்றவர்களும் அப்படியே செய்தார்கள் என்று முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பன்னிரண்டு தடவையும் பெயர், தகப்பன் பெயர், கோத்திரம், தட்டு, கிண்ணம், கரண்டி என்று மறுபடி மறுபடி முழுசாக எழுதுகிறார். யூதர்கள் தங்கள் ஆலயத்தில் அதை இன்றும் விடாமல் ராகத்தோடு வாசிக்கிறார்கள் என்று சித்தி எங்கேயோ கேட்டிருந்தார்.

“இதை எதுல எழுதினாங்க தெரியுமா? ஆட்டுத் தோல்ல” என்றார். “ஒரு தோலை மயிர் நீக்கி, ஊறவெச்சு, சுரண்டி, காயவெச்சு எடுக்கிறதுன்னா என்னன்னு பம்மல்ல போய்க் கேளு. யாக்கோபு கை நகத்தைப் பாரு. அவ்வளவு பாடுபட்டு எடுத்த தோல்ல, சொன்னதையே பன்னெண்டு தடவை எழுதியிருக்காங்க. எடம் வீணாப் போகுதேன்னு யாரும் நினைக்கல. பன்னெண்டாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குக் கொடுத்த அதே எடத்தைக் கொடுக்கணும்னு எழுதியிருக்காங்க.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆபீசில்தான் வார்த்தைக்குக் காசு, கோயிலில் யார் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுச் சித்தி சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரங்கள் அன்று கொஞ்சம் சத்தமாகவே உருண்டன.

அடுத்த வருட அறுப்பின் பண்டிகை வந்தது. காணிக்கையைப் பற்றிய பாடமாயிற்றே என்று ஐயர் அதே அதிகாரத்தைக் குறித்திருந்தார். வாசிக்கும் முறை சித்தியுடையது. சனிக்கிழமை சாயங்காலமே காரியதரிசி வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் தலைவரின் காணிக்கையை வாசியுங்கள், அப்புறம் நேராகக் கடைசியில் இருக்கும் மொத்தக் கணக்குக்குப் போய்விடுங்கள், நடுவில் எல்லாம் ஒன்றேதான் என்றார். சபையின் பெரிய வேதாகமத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். சித்தி காபி கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது காரியதரிசி திரும்பி, “சிஸ்டர், போன தடவையே உங்க பாடம் நீளம். இந்தத் தடவையும் நேரம் தாண்டினா, லேடீஸ் வாசிக்கிறதையே கமிட்டியில மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்” என்றார். அந்த வாசிப்பு மேடைக்கு ஏறுவது சித்திக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். அதற்கென்று ஒரு வெள்ளைக் கைத்தறிப் புடவையைத் தனியாக மடித்து வைத்திருந்தவர் அவர். போகட்டுமே சித்தி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பின்னால் பம்மல்காரர்கள், ஒவ்வொரு மடியிலும் ஒரு பூசணிக்காய். போன வருடம் திரும்பி வந்த காயின் விதையை ரூத் அவர்கள் சந்து முழுக்கக் கொடுத்திருந்தாள். கொடி எல்லார் கூரையிலும் ஏறிவிட்டது.

சித்தி மேடைக்குப் போய் ஆரம்பித்தார். முதல் தலைவர், தட்டு, கிண்ணம், கரண்டி. காரியதரிசியின் பென்சில் குறி வந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, இரண்டாம் நாளுக்குப் போனார். காரியதரிசி நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் ஆளின் கிண்ணம் வரும்போது, டிங். சித்தி நிறுத்தினார். மணியின் ரீங்காரம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்த மூன்றாம் ஆளை மறுபடியும் பெயரிலிருந்தே ஆரம்பித்து, தகப்பன் பெயர், கோத்திரம், தட்டு, கிண்ணம், கரண்டி என்று குரல் மாறாமல் வாசித்தார். ஐந்தாம் ஆளின் காளையில் மறுபடி டிங். ஐந்தாம் ஆள் மறுபடி முதலிலிருந்து. முன் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கத் தொண்டையைச் செருமினார்கள். மணி அடித்தால் பாடம் இன்னும் நீளும் என்று காரியதரிசிக்கு அப்போதுதான் உறைத்தது. குமிழின்மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏழாவது ஆள் வந்தபோது பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. யாரோ பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பேச்சில்லை அது. ரூத்தும் அவள் பக்கத்துப் பெண்களும் சித்தியோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆறு தடவைக்கு மேலேயே கேட்டாயிற்று, ஏழாம் ஆளுக்கு வாயில் தானாக வந்துவிட்டது. பெயர் மட்டும் சித்தி சொல்வார். தட்டும் கிண்ணமும் கரண்டியும் காளையும் பின் பெஞ்சுகளிலிருந்து வரும். எட்டு, ஒன்பது, பத்து. ஆண்கள் பக்கமும் சேர்ந்துகொண்டது. கடைசி ஆளான அகீராவின் காணிக்கையைச் சித்தி வாசிக்கவே தேவையிருக்கவில்லை. புத்தகத்தை மூடாமல், தலையை மட்டும் நிமிர்த்தி, பின்னால் பார்த்தபடி நின்றார். பின் பெஞ்சுகள் அதை முழுசாகச் சொல்லி முடித்தன. அதுநாள்வரை வளவள என்று நான் சொல்லிவந்த அந்த அதிகாரத்தில் நான் அன்று கேட்டது வேறு. எழுத்துத் தெரியாதவர் கையிலும் புத்தகத்தைக் கொடுக்க எழுதியவர் கண்டுபிடித்த வழி அது. ஒரு தடவை மட்டும் சொல்லியிருந்தால் அது படித்தவர்களோடு நின்றிருக்கும்.

பிறகு பெயர்கள். காரியதரிசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உத்தியோகஸ்தர்களை வாசித்தார், அவர்கள் போய் வைத்துவிட்டு வந்தார்கள். கடைசியில், “பம்மல் பகுதி மக்கள் மற்றும் பலர்.” ஒருவரும் எழவில்லை. அவர் திரும்பவும் வாசித்தார். பூசணிக்காய்கள் மடியில் அப்படியே இருந்தன. பாட்டு ஆரம்பிக்கச் சொல்லி ஆர்கன் வாசிப்பவரைப் பார்த்தார்; அந்த அம்மாள் மடியிலிருந்து கையைத் தூக்கவில்லை. எங்கள் சாது ஐயர் பீடத்தைவிட்டு இறங்கி, நடுப்பாதையில் நடந்து, பின் பெஞ்சுவரை போனார். முதலில் இருந்த ரூத்திடம், “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டார்.

ரூத் எழுந்து நின்றாள். கோயில் முழுக்கக் கேட்கும்படி, “சவரிமுத்து மக ரூத்து. யாக்கோபு சம்சாரம். பம்மல். ஒரு பூசணிக்காய்” என்றாள். சொல்லிவிட்டு நடந்து வந்து பீடத்தின் முன் வைத்தாள். அடுத்தவர் எழுந்தார். சின்னப்பன் மகன் யாக்கோபு, பம்மல், ஒரு பூசணிக்காய். அடுத்து இன்னாசி மகன் பாக்கியநாதன், பம்மல், ஒரு பூசணிக்காய். ஒருவர்கூட ‘அதேதான்’ என்று சொல்லவில்லை. கடைசிக் காய் வைக்கப்பட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மதியச் சாப்பாடு எல்லாருக்கும் தாமதம்.

சித்தியின் பெயரை வாசிப்போர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரியதரிசி ஒருநாள் வந்து, கமிட்டிக்கு முன் ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புச் சொன்னால் போதும், பழையபடி வாசிக்கலாம் என்றார். கெட்ட மனிதர் அல்ல அவர். சமாதானமாகப் போகத்தான் பார்த்தார். “ஒரு வார்த்தையில சொல்றது ஆபீஸ் பழக்கம் சார்” என்றார் சித்தி. “கோயில்ல சொன்னா பன்னெண்டு தடவை முழுசாச் சொல்லணும். அதுக்கு உங்களுக்கு நேரம் இருக்காதே.” அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, அந்த வெள்ளைப் புடவையை எடுத்து என்னிடம் கொடுத்து, ஆபீசுக்குக் கட்டிக்கொள் என்றார். அன்று அவர் அழுதார். எனக்குத் தெரியக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். எழுபதுகள் முழுக்க அவருக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. அதற்குள் குரல் போய்விட்டது. ஆனால் பண்டிகையில் ‘மற்றும் பலர்’ என்ற வார்த்தை அதற்குப் பிறகு எங்கள் கோயிலில் கேட்கவில்லை. அதற்காக அவர் கொடுத்தது தன் குரலை. அது சின்ன விஷயம் என்று என்னிடம் யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

சித்தி வெகுகாலம் இருந்து, முதுமையில் போனார். அடக்க ஆராதனையன்று கோயிலில் எல்லாம் புதிது. ஏசி, திரை, இளம் ஐயர். மணி மட்டும் பழையது, அதே மேஜையில். அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் ‘பம்மல் பகுதி சார்பில் ஒருவர்’ என்று போட்டிருந்தார்கள். பம்மலில் தோல் தொழிற்சாலைகள் மூடிப் பல காலம். வந்தவர்களில் ஒருவர் வங்கியில், ஒருவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் இஞ்சினியர், இன்னொருவர் நர்ஸ். ‘ஒருவர்’ என்று கூப்பிட்டதும் வரிசையாக எல்லாரும் எழுந்து வந்தார்கள். முதல் ஆள் தன் பெயர், தகப்பன் பெயர், பம்மல் என்று சொல்லி, “எங்க பேரை எங்க வாயால சொல்ல வெச்சவங்க தந்தி அக்கா” என்று சொல்லிப் பூ வைத்துவிட்டுப் போனார். இரண்டாமவர் தன் பெயர், தகப்பன் பெயர், பம்மல் சொல்லி, அதே வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். மூன்றாமவரும் அதையே. இளம் ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லறைக்கு வண்டி காத்திருந்தது. அவர்மேல் தப்பில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. ரூத்தின் பேத்தி, அந்த நர்ஸ் பெண், பாதி வாக்கியத்தில் இருந்தபோது அவர் கையை நீட்டி மெதுவாகத் தட்டினார். டிங்.

அந்தப் பெண் நிறுத்தினாள். அந்தப் பண்டிகை நடந்தபோது அவள் பிறக்கவே இல்லை. மணியின் ரீங்காரம் அடங்கும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தன் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

நான் முன் பெஞ்சிலிருந்து எழுந்தேன். மேஜைக்குப் போனேன். ஐயர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணியை எடுத்துக் கைப்பையில் போட்டு மூடினேன். வரிசையில் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை சித்தி காத்திருந்தார்.